குடிசார் பொறியியற் கல்வியும் கொத்தனார் தமிழும்



கவியரங்கமும் நூலாய்வும் நடக்கும் மேடையில் பொறியியற் பட்டப்படிப்பைப் பற்றி ஓர் உரையா என்று சிலர் வியக்கக்கூடும். அவர்கள் சிதம்பரத்தை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். 1920இல் மீனாட்சி கல்லூரி தோன்றிய ஊர் அது. சில ஆண்டுகளில் அங்கே மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக வந்தமர்ந்தவர் உ. வே. சாமிநாதையர். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. 1931இல் அதன் தமிழ்ப் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர் விபுலாநந்த அடிகள். அடிகள் அறிவியற் பட்டதாரி என்பதும், 1930களில் சென்னையில் நிகழ்ந்த கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியவர் என்பதும் தமிழன்பர்கள் அறிந்தவை. 1945இல் அதே பல்கலைக்கழகத்தில் பொறியியற் புலம் தொடங்கிற்று. ஆக, சுவடி படித்த தமிழும் சுமை கணக்கிட்ட பொறியியலும் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக அண்டை வீட்டுக்காரர்கள். அண்டை வீட்டார் எவ்வளவு பேசிக்கொண்டார்கள் என்பதே இவ்வுரையின் பொருள்.

முதலில் பெயர். ‘சிவில் இன்ஜினியரிங்’ என்பதைக் கட்டடப் பொறியியல் என்று தமிழ்நாட்டில் பலர் சொல்கின்றனர். கட்டுமானப் பொறியியல் என்பாரும் உளர். இலங்கைத் தமிழர் குடிசார் பொறியியல் என்கின்றனர். மூன்றனுள் இலங்கை வழக்கே வரலாற்றோடு ஒத்தது. பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் பொறியாளர் என்றால் கோட்டை கட்டுவோரும் அகழி வெட்டுவோருமே. அவர்கள் படையைச் சார்ந்தவர்கள். கலங்கரை விளக்கமும் பாலமும் கால்வாயும் கட்டிய இங்கிலாந்தின் ஜான் ஸ்மீட்டன், படைசாராத பொறியாளர் என்று தம்மைப் பிரித்துக் காட்ட அந்த அடைமொழியைப் பூண்டார். 1818இல் லண்டனில் அப்பெயரிலேயே ஒரு நிறுவனம் அமைந்தது. குடிமக்களுக்காகச் செய்யப்படும் பொறியியல் என்பதே சொல்லின் கருத்து. கட்டடம் அதில் ஒரு கூறு மட்டுமே. குடிநீரும் சாலையும் ஏரியும் துறைமுகமும் கழிவுநீரும் எஞ்சிய கூறுகள். ‘குடி’ என்னும் ஒரு சொல் இத்தனையையும் தழுவிக்கொள்கிறது. பெயரைக் கட்டடமாகச் சுருக்கியதால், படிக்க வரும் இளைஞனும் அவனை அனுப்பும் பெற்றோரும் வீடு கட்டும் தொழிலுக்கான பட்டம் என்றே அதை எண்ணிவிடுகின்றனர். பெயரில் நேர்ந்த பிழை சிறிய பிழை அன்று.

இனிப் படிப்பு. எட்டுப் பருவங்களில் கணக்கு, இயற்பியல், வரைபடம் என்று தொடங்கி, நில அளவை, பொருள்களின் வலிமை, பாய்மவியல், மண் இயக்கவியல், கட்டமைப்புப் பகுப்பாய்வு, நீர்ப்பாசனம், மதிப்பீடு என்று அது விரிகிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் குடிசார் பொறியியலோடு, கட்டமைப்பியலையும் பெயரிலேயே சேர்த்துக்கொண்ட ஒரு பட்டமும் உண்டு. கட்டமைப்பியலின் முதற் பாடம் எதுவென்று கேட்டால், சிதம்பரத்து மாணவன் ஆயிரக்கால் மண்டபத்தைக் காட்டலாம். தூண்கள் ஏன் இத்தனை நெருக்கம்? கலையழகு மட்டும் காரணம் அன்று. கல் அமுக்கத்தை எளிதில் தாங்கும், இழுவையைத் தாங்காது. இரண்டு தூண்களின்மேல் கிடக்கும் கல் உத்திரம் தன் சுமையால் சற்றே வளையும்போது மேற்பகுதி அமுங்குகிறது, கீழ்ப்பகுதி இழுபடுகிறது. தூண்களுக்கு இடையிலான வெளி மிகுந்தால் கீழ்ப்புறம் வெடித்துக் கல் இரண்டாகும். ஆகவே தூண்கள் நெருங்கின. கோபுரத்தில் அடித்தளங்கள் கல்லாகவும் மேல்நிலைகள் செங்கல்லும் சுதையுமாகவும் இருப்பதும் சுமையறிந்த சிற்பியின் கணக்கே.

கான்கிரீட்டும் அந்தக் கல்லின் இயல்பினதுதான், இழுவைக்கு அஞ்சும். அதற்காகவே உத்திரத்தின் அடிப்பக்கத்தில் இரும்புக் கம்பி வைக்கிறார்கள். ஆனால் சுவரிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் சன்னல் மேற்கூரையில், ‘சன்ஷேடு’ என்று ஊரெல்லாம் அழைப்பதில், நிலைமை தலைகீழ். ஒரு முனையில் மட்டும் பிடிமானம் உள்ள அது கீழ்நோக்கிச் சாயப் பார்க்கும்; இழுபடுவது மேற்புறம். எனவே கம்பி மேலே இருக்க வேண்டும். வரைபடத்தில் மேலேதான் இருக்கிறது. தளம் போடும் நாளில் கலவைச் சட்டியோடு ஆட்கள் அந்தக் கம்பியின்மேல் ஏறி நடக்கின்றனர். கம்பி அமுங்கிக் கீழே போய்விடுகிறது. கலவை விழுந்து மூடிவிட்டால் பின்பு எவர் கண்ணுக்கும் தெரியாது. பல நாள் கழித்து முட்டுப் பிரிக்கும்போது சன்ஷேடு அப்படியே மடங்கி விழும். கீழே நிற்பவர் பெரும்பாலும் முட்டை உருவ வந்த தொழிலாளியே.

இந்த இடத்தில்தான் பட்டப்படிப்பின் மொழிச் சிக்கல் முழு உருவில் தெரிகிறது. கம்பி மேலே இருக்க வேண்டிய காரணத்தை மாணவன் தேர்வுத்தாளில் ஆங்கிலத்தில் பிழையின்றி எழுதுகிறான். ‘நெகட்டிவ் பெண்டிங் மொமெண்ட்’ என்று படமும் வரைகிறான். பதினாறுக்குப் பதினாறு மதிப்பெண் பெறுகிறான். பணியிடத்திற்கு வந்ததும், “மேலே மிதிக்காதீங்க அண்ணே” என்பதற்கு மேல் அவனுக்குச் சொல் வருவதில்லை. “ஏன் தம்பி?” என்று கேட்டால் விடை இல்லை. காரணம் சொல்லப்படாத கட்டளை அவன் திரும்பிய மறுகணம் மறக்கப்படுகிறது. “வெளியே நீட்டிய கையில் ஒரு குடத்தைத் தொங்கவிட்டால் வலிப்பது தோளின் மேல்பக்கம்தானே, அங்கேதான் நரம்பு வேண்டும்” என்று ஒருவன் சொல்லியிருந்தால் போதும். அந்த உவமையைத் தேடித் தருவது பாடத்திட்டத்தின் வேலை அன்று; ஆனால் தேடத் தெரியாதவனின் கல்வி ஓர் உயிரைக் காக்கத் தவறக்கூடும்.

இன்னொரு காட்சி. கலவையில் சிமெண்டின் எடைக்கு நீரின் எடை என்ன விகிதம் என்பதே கான்கிரீட்டின் வலிமையை முதன்மையாகத் தீர்மானிக்கிறது என்று அமெரிக்கரான டஃப் ஏப்ரம்ஸ் 1918இல் நிறுவினார். நீர் கூடினால் வலிமை குறையும். ஆய்வகத்தில் 15 செ.மீ. கனசதுரங்களை வார்த்து, 28 நாள் நீரில் ஊறவைத்து, எந்திரத்தில் நசுக்கி, மாணவர்கள் அதை நேரில் காண்கின்றனர். பணியிடத்திலோ மேஸ்திரி, “கலவை இறுக்கமா இருக்கு, இளகலா இருந்தாத்தான் ஓடும்” என்று இன்னொரு வாளி நீரை ஊற்றச் சொல்கிறார். அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. இறுகிய கலவை கம்பிகளுக்கு இடையே இறங்காமல் பொந்து விடும். இருவர் அறிவும் சேர வேண்டிய இடம் அது. ‘வாட்டர் சிமெண்ட் ரேஷியோ’ என்ற தொடரை மட்டும் கையில் வைத்திருப்பவன் அந்த வாளியைத் தடுக்க முடிவதில்லை.

அப்படியானால் தமிழில் சொற்கள் இல்லையா? இருக்கின்றன, இரண்டு தமிழில் இருக்கின்றன. ஒன்று கலைச்சொல் அகராதியின் தமிழ். அதை எள்ளி நகையாடுவது பலருக்கு எளிதாக இருக்கிறது; எல்லாச் சொல்லும் எள்ளத்தக்கதன்று. ‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்குத் தகைவு என்றார்கள். தகைதல் என்றால் தடுத்து நிறுத்துதல். சுமைக்கு எதிராகப் பொருளின் உள்ளே எழும் தடுப்பே தகைவு. ‘ஸ்ட்ரெய்ன்’ என்பதற்குத் திரிபு. புணர்ச்சியில் எழுத்துத் திரிவதைப் பள்ளியில் படித்த மாணவனுக்குச் சுமையால் வடிவம் திரிவது விளங்காதா? கான்கிரீட்டுக்குக் கற்காரை என்றதும் நல்ல சொல்லே. சுவரில் காரை பெயர்ந்தது என்று இன்றும் வீட்டில் சொல்கிறார்கள். ஆனால் சிமெண்டுக்குப் பைஞ்சுதை என்றபோது, சொல் அழகாக இருந்தும், கடைக்குப் போய் அதைக் கேட்டு வாங்கியவர் எவரும் இல்லை. சிமெண்டு என்ற சொல் தமிழனின் நாவில் எப்போதோ குடியேறிவிட்டது. அதனோடு போரிடுவதில் செலவாகும் ஆற்றலை வேறிடத்தில் செலவிடலாம்.

மற்றொன்று கொத்தனாரின் தமிழ். மஞ்சக்குப்பத்திலோ புவனகிரியிலோ வீடு எழும்பும் மனையில் அரைநாள் நின்றால் அது காதில் விழும். அடித்தளத்துக்குப் பள்ளம் எடுப்பதை ‘வானம் தோண்டுதல்’ என்கிறார்கள். றன்னகரமா டண்ணகரமா என்று புலவர்கள் வாதிடலாம். ஆனால் மண்ணுக்குள் இறங்கும் பள்ளத்துக்கு அப்படியொரு பெயர் வழங்குவதைக் கேட்டபின் எந்தக் கவிஞரும் சற்று நின்றுதான் நகர்வார். அடித்தளம் ‘கடைக்கால்’. குழாயில் குமிழி மிதக்கும் கருவி ‘ரசமட்டம்’. செங்குத்துப் பார்ப்பது ‘தூக்குக்குண்டு’. பூசுவது ‘கரணை’. தளம் போட்ட மறுநாள் அதன்மேல் சிறு சிறு வரப்பு எழுப்பி நீர் தேக்குகிறார்கள். அதற்குப் பெயர் ‘பாத்தி கட்டுதல்’. நெல்லுக்கும் கத்தரிக்கும் கட்டிய பாத்தியை உழவன் மகன் கொத்தனாரானபோது மாடிக்குக் கொண்டுபோனான். அகராதி இதற்கு நீராற்றுதல் என்கிறது, தவறில்லை. ஆனால் பாத்தி என்ற சொல்லுக்குள் செய்முறையும் இருக்கிறது. உப்பு நீரில் பிசைந்த சுவரில் வெண்மை படர்வதைச் ‘சுவர் பூத்துவிட்டது’ என்கிறார்கள். கடலூர்த் துறைமுகப் பகுதியிலும் தேவனாம்பட்டினத்திலும் கடற்காற்றில் நிற்கும் வீடுகளில் அந்தப் பூவைக் காணலாம். உப்பு உட்புகுந்து கம்பியைத் துருவேற்றும். துருவேறிய கம்பி பருத்து, மேல் மூடிய காரையை உடைத்துத் தள்ளும். பாடநூலில் ஓர் அத்தியாயம் முழுதும் விளக்குகிற நிகழ்ச்சியின் முதல் அறிகுறிக்குப் பூத்தல் என்று பெயர் வைத்தவர் எழுத்தறியாத யாரோ ஒரு பெரியவர்.

நீர்ப்பாசனத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் வியப்பானது. இங்கே இரவல் வாங்கியவர் ஆங்கிலேயர். ‘அனிகட்’ என்று மாணவன் ஆங்கிலப் பாடநூலில் படிப்பது அணைக்கட்டு. ‘கலிங்குலா’ என்று பழைய சென்னை மாகாணப் பொதுப்பணிக் குறிப்புகளில் காண்பது கலிங்கு. மதகு, மடை, கரை, வாய்க்கால், தூம்பு எல்லாம் அவன் வீட்டுச் சொற்கள். அவற்றை ஆங்கில எழுத்தில் பார்த்து, பிறமொழிச் சொல்லென்று எண்ணி மனப்பாடம் செய்யும் மாணவர்களும் உண்டு. 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டிய ஆர்தர் காட்டன் சென்னைப் படைப்பிரிவின் பொறியாளர். ஆழம் காணமுடியாத ஆற்று மணலில் அடித்தளம் நிறுத்துவது எப்படி என்பதைக் காவிரியின் பழைய அணையைப் பார்த்தே கற்றதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். கீழணை நீர் வடவாற்றின் வழி வீராணம் ஏரிக்குச் செல்கிறது. பராந்தக சோழனின் வீரநாராயணன் என்ற பெயரைத் தாங்கிய அந்தப் பத்தாம் நூற்றாண்டு ஏரி ஏறத்தாழ 16 கி.மீ. நீளம். அதிலிருந்து சென்னைக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் முயற்சி ஒருமுறை தோற்று, ராட்சதக் குழாய்கள் நெடுங்காலம் சாலையோரம் கிடந்ததைப் பார்த்தவர்கள் இந்த அவையிலும் இருக்கலாம். 2004இல்தான் திட்டம் நிறைவேறிற்று. சோழன் வெட்டியது பாசனத்துக்கு, குடிப்பது தலைநகரம். காட்டுமன்னார்கோயில் உழவர் இதைப்பற்றிச் சொல்வதைக் கேட்ட மாணவனுக்கு நீர்ப்பங்கீடு என்ற பாடம் வேறு விதமாகப் புரியும்.

மண்ணும் அப்படியே. பொறியியல் நிலவியல் வகுப்பில் ‘கடலூர் மணற்கல்’ என்ற தொடர் வரும்போது, கடலூரிலிருந்து வந்த மாணவன் தலைநிமிர்ந்து உட்கார்வது இயல்பு. கேப்பர் மலையின் செம்மண்ணில் அவன் விளையாடியிருப்பான். அங்கேயுள்ள சிறையில் 1918இல் பாரதியார் அடைபட்டிருந்தார் என்றும் கேட்டிருப்பான். அந்தச் செம்பாறைப் படிவத்துக்கு உலக நிலவியலார் வழங்கும் பெயர் தன் ஊரின் பெயர் என்பதை எவரும் அவனுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரும் அப்படிவத்தினுடையதே. இரவும் பகலும் அதை இறைத்து அழுத்தத்தைத் தணிக்காவிட்டால் சுரங்கத்தின் தரையே மேலெழுந்து பிளக்கும். கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரத்தை நெருங்கினால் மண் மாறிவிடுகிறது. ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கும் ஆற்றுப்படுகைக் களிமண். ஒரே மாவட்டத்தில் இருவகை நிலம், இருவகை அடித்தளம். 2004 டிசம்பர் 26இல் கடற்கோள். 2011 டிசம்பர் 30இல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரைகடந்து, பண்ணுருட்டியின் பலாவையும் முந்திரியையும் வீழ்த்திய தானே புயல். 2015 நவம்பரில் பெருவெள்ளம். காற்றுச் சுமை, வெள்ள அளவு என்ற சொற்களை இங்கே படிப்பவன் வெறும் எண்களாகப் படிக்க முடியாது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளுக்குப் பின்னாலிருந்த ஊர்கள் கடற்கோளில் குறைவாகவே சேதமுற்றன என்று 2005இல் வெளியான ஆய்வும் இம்மாவட்டக் கரையில் நிகழ்த்தப்பட்டதே.

தமிழ்வழியில் இப்பட்டத்தைக் கற்பிக்கும் முயற்சி 2010இல் அரசின் முனைப்பால் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிற்று. குடிசார் பொறியியலும் எந்திரப் பொறியியலும் முதலில் எடுக்கப்பட்டன. தேர்வு சரியானதே. எந்தத் துறை மக்களோடு நேரே பேசுகிறதோ அத்துறைதான் முதலில் மக்கள் மொழிக்கு வரவேண்டும். 2023 மே மாதத்தில், சேர்க்கை குறைந்ததைக் காட்டி, உறுப்புக் கல்லூரிகளில் தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்திவைப்பதாக அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழவே அது திரும்பப் பெறப்பட்டது. அறிவிப்பு போயிற்று, அதற்குச் சொன்ன காரணம் போகவில்லை. சேராத மாணவனைத் தமிழ்ப்பற்று இல்லாதவன் என்று ஏசுவதில் பயனில்லை. இந்தியத் தரநிர்ணய விதிநூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. நேர்முகத் தேர்வும் ஒப்பந்தமும் ஆங்கிலத்தில். கடன் வாங்கிப் படிக்கும் வீட்டுப் பிள்ளை அஞ்சுவது நியாயமே. போதாக்குறைக்கு, கட்டமைப்பு, மண், நீர் எதுவும் வேண்டாம், கணினி போதும் என்ற காற்று பல ஆண்டுகளாக அடிக்கிறது. ஆங்கிலம் வேண்டாம் என்று இங்கே எவரும் சொல்லவில்லை. விதிநூலைப் படிக்க ஆங்கிலம் வேண்டும். விதியை நிறைவேற்றத் தமிழ் வேண்டும். இரண்டாவதைப் பட்டம் கற்பிக்கவில்லை என்பதே குறை. தமிழ்வழி வகுப்பும் அகராதித் தமிழோடு நின்றுவிட்டால் அந்தக் குறை தீராது.

இரண்டையும் ஒருங்கே ஆண்ட ஒருவர் இருந்தார். கரூர்ப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் 1929இல் பிறந்த வா. செ. குழந்தைசாமி குடிசார் பொறியாளர், நீர்வளவியல் அறிஞர். மழைநீர் எவ்வளவு, எப்போது ஆற்றுக்கு வந்துசேரும் என்பதை இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்து பட்டம் பெற்றவர். அந்த ஆய்வின் வழி பிறந்த மாதிரி அவர் பெயராலேயே வழங்குகிறது. அதே கைதான் குலோத்துங்கன் என்ற பெயரில் கவிதை எழுதியது. ‘வாழும் வள்ளுவம்’ நூலுக்காக 1988இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. 1980களில் அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார்; 2016இல் மறைந்தார். கவிஞர் வட்டங்கள் அவரைக் கவிஞர் என்று கொண்டாடின. பொறியாளர்கள் பொறியாளர் என்று கொண்டாடினர். மழையின் கணக்கும் யாப்பின் கணக்கும் ஒரே மனத்தில் எப்படிக் குடியிருந்தன என்று கேட்டவர்கள் குறைவு.

இவ்வட்டத்தின் உறுப்பினர்களில் ஆசிரியர்கள் உண்டு. பொதுப்பணித்துறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர்கள் உண்டு. மேஸ்திரியின் பிள்ளைகளும் இருக்கக்கூடும். புதிய சொல் படைப்பதற்கு முன்பு, இருக்கும் சொற்களை எழுதிவைக்க ஒரு குறிப்பேடு போதும். கடலூரில் ஒருவர், சேத்தியாத்தோப்பில் ஒருவர், பரங்கிப்பேட்டையில் ஒருவர் என்று தொடங்கலாம். முதிய கொத்தனார்கள் குறைந்து வருகின்றனர். சுண்ணாம்புச் சாந்து அரைத்த தலைமுறையின் சொற்கள் சாந்தோடு போய்க்கொண்டிருக்கின்றன. பணியிடங்களில் வடமாநிலத்துத் தொழிலாளர் பெருகிவிட்டதால் மேஸ்திரியும் இப்போது பாதி இந்தியில் பேசுகிறார். சேர்த்த சொற்களைப் பொறியியல் மாணவர் நால்வரிடம் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் நேரான பாடநூற் கருத்தை எழுதச் சொல்லலாம். தமிழ்த்துறை மாணவர் நால்வர் அவர்களோடு உட்காரட்டும். ஒரே வளாகம்தானே.

நில அளவை முகாமின்போது மாணவர்கள் ஏரிக்கரையில் அளவைக் கருவியோடு நிற்பதுண்டு. ஒருவன் முக்காலியின்மேல் குனிந்து பார்ப்பான். ஒருத்தி தொலைவில் அளவுகோலைப் பிடித்து நிற்பாள். மாடு ஓட்டிக்கொண்டு வரும் பெரியவர் நின்று, “என்ன தம்பி பார்க்கிறீங்க?” என்று கேட்பார். ‘ரெட்யூஸ்ட் லெவல்’ என்று தொடங்குகிறவனுக்கு, “சரி, சரி” என்ற விடையோடு பேச்சு முடிந்துவிடும். “கரை எந்த இடத்துல எவ்வளவு தாழ்ந்திருக்குன்னு பார்க்கிறோம் ஐயா” என்கிறவனிடம் அவர் கோலை ஊன்றி நின்றுவிடுவார். “அதுக்கு இங்கே எதுக்கு நிக்கிறீங்க? அதோ, அந்தப் புளியமரத்துக்கு நேரே போங்க. பெருமழைன்னா தண்ணி முதல்ல அங்கேதான் ஏறி வழியும்” என்பார். மாணவன் முக்காலியை மடக்கித் தோளில் வைத்துக்கொள்கிறான்.